அசலைக் காத்த எலிசம்மா

எலிசம்மா இறந்த செய்தியை அவருடைய தம்பி தாஸ்தான் கொண்டுவந்தார். ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தார். எங்கள் நெசவாளர் சங்கத்தின் டிசைன் அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். நாங்கள் எல்லோரும் குனிந்து வரைந்துகொண்டிருந்ததால் கூப்பிடத் தயங்கினார் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அக்கா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காத்தால போயிட்டாங்கபா. கஞ்சி கேட்டாங்க. எடுத்துக்கினு வரதுக்குள்ள போயிட்டாங்க."

யாரும் எழவில்லை. வரதன் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். ஏகாம்பரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. அசதிதான் வந்தது. மாதக்கணக்கில் ஒருவர் படுத்திருக்கும்போது, வரப்போகிற செய்தியைச் சுமந்தே மனம் ஓய்ந்துபோகிறது. அது வந்து சேரும்போது அழுவதற்குத் தெம்பு இருப்பதில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். கழுத்துக் கயிற்றில் சிலுவையோடு சேர்ந்து தொங்கிய அலமாரிச் சாவியும், காலைப் பேருந்திலிருந்து இறங்கி வரும்போது அவர் முகத்தில் இருக்கும் களைப்பும் உங்களுக்கு நினைவிருக்கும். அவர் செய்த வேலை என்னவென்று கேட்டால் "அலமாரி பாத்துக்கினு இருந்தாங்க" என்று நம்மில் பாதிப் பேர் சொல்லிவிடுவோம். அது போதாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அவர் வந்து சேர்ந்தது அரிசிக்கு வரிசையில் நின்ற வருடங்களில். எங்கள் ஊர்த் தறிகளில் ஜக்கார்டு பெட்டி பரவலாக ஏறிக்கொண்டிருந்த நேரம். புதியவர்களுக்காக ஒரு வார்த்தை: சேலையின் கரையில் ஓர் அன்னம் வர வேண்டுமென்றால் அதை முதலில் கட்டம்போட்ட தாளில் வரைகிறோம். கட்டத்தாளின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. நிறம் தீட்டிய கட்டம் எங்கே வருகிறதோ அங்கே அட்டையில் ஓட்டை குத்துகிறோம். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிமேல் ஏற்றினால், எந்த இழை தூக்க வேண்டும், எது படுக்க வேண்டும் என்பதைத் தறிக்கு அந்த அட்டைகள் சொல்கின்றன. தாளில் தப்பு இருந்தால் அட்டையில் தப்பு. அட்டையில் தப்பு இருந்தால் பட்டில் தப்பு. பட்டில் விழுந்த தப்பை அழிக்க ரப்பர் கிடையாது.

அப்போது ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரே ஒரு தாள்தான். ஏகாம்பரம், வரதன், நான் என்று வரைபவர்கள் மூவர். தாள் மேசைமேல் கிடக்கும். யாருக்கு எது தோன்றுகிறதோ அழித்து வரைவோம். அட்டை குத்தும் முனுசாமி வந்து, அந்த நேரத்தில் தாளில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துக் குத்திக்கொண்டு போவார். அதில் தவறு ஏதும் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் படவில்லை. எலிசம்மா மிஷன் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பயிற்சி எடுத்தவர். கணவர் இறந்தபின் நிரந்தர வேலை தேடி, நகலெடுக்கும் வேலைக்கு வந்திருந்தார். அறையின் மூலையில் ஜன்னலோரம் அவருக்கு ஒரு சின்ன மேசை. அப்பா கூலிக்கு நாற்று நட்டவர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லாமல் நடத்தையிலேயே சிலர் காட்டினார்கள்.

அவர் வந்த கொஞ்ச நாளில் பிள்ளையார்பாளையத்திலிருந்து பொன்னுசாமி என்ற நெசவாளி ஒரு கல்யாணப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சங்கத்தில் அதைத் திருப்பிவிட்டிருந்தார்கள். கரையில் ஓடிய அன்னங்கள் ஒவ்வொன்றுக்கும் தலை ஒருபக்கம், கழுத்து ஒருபக்கமாக விலகி இருந்தது. தறியில்தான் கோளாறு, கூலி கிடையாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் எங்கள் அறைக்கு வந்து தரையில் புடவையை விரித்தார். கோபமாகப் பேசவில்லை. பேசும் நிலையில் இல்லை.

"மொத அன்னம் வந்தப்பவே கேட்டேன்பா. அட்டையில இருக்கறத நெய்யி, கல்யாணத்துக்கு நாள் இல்லன்னாங்க. நெய்ஞ்சேன். இப்ப தறி சரியில்லங்கறாங்க. என் தறியில தப்பு இல்ல."

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எலிசம்மாதான் எழுந்து போய் அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னல் கம்பியில் அட்டைச் சரத்தை மாட்டினார். வெளிச்சம் ஓட்டைகளின் வழியாக வந்தது. தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட ஆரம்பித்தார். பொன்னுசாமியும் பக்கத்தில் நின்று விரல் வைத்து எண்ணினார். சாப்பாட்டு வேளை போய்விட்டது. கடைசியில் கழுத்து முடியும் இடத்தில் பொன்னுசாமியின் விரல் நின்றது.

நடந்தது இதுதான். காலையில் ஏகாம்பரம் ஜரிகை குறையட்டும் என்று அன்னத்தின் உடம்பை ஒடுக்கி வரைந்திருக்கிறார். மதியம் வரதன், கழுத்து வளைவு இன்னும் நன்றாக இருக்கட்டும் என்று தலையைச் சற்றுத் தள்ளி வரைந்திருக்கிறார். முனுசாமி பாதி அட்டையைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் மீதியைப் பின்னாலும் குத்தியிருக்கிறார். உடம்பு ஒரு தாளிலிருந்து வந்தது, தலை இன்னொரு தாளிலிருந்து வந்தது. தாள் ஒன்றுதான், ஆனால் காலையில் இருந்த தாள் மதியம் இல்லை.

மேனேஜர் வந்து, யார் செய்த தப்பு என்று கேட்டார். எலிசம்மா சொன்ன பதிலை இன்றும் அப்படியே சொல்ல முடியும்.

"ரெண்டு பேருமே சரியாத்தான் செஞ்சாங்க சார். ஒருத்தர் செய்யறது இன்னொருத்தருக்குத் தெரியாம செஞ்சாங்க. தப்பு அதுல இருக்குது. இவர் தறியில இல்ல."

பொன்னுசாமிக்குக் கூலி கிடைத்தது. கல்யாண வீட்டார் அதற்குள் வேறு கடையில் புடவை எடுத்துவிட்டார்கள். கூலியை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கும்போது முகத்தில் மகிழ்ச்சி எதுவும் இல்லை. நியாயம் சில சமயம் ஆள் ஓய்ந்தபிறகுதான் வந்து சேருகிறது.

மேனேஜர், பாதி எரிச்சலில், "அப்ப நீயே பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை எலிசம்மா உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். சங்கத்தின் பழைய இரும்பு அலமாரி ஒன்றை எங்கள் அறைக்கு இழுத்துவரச் செய்தார். அசல் தாள்கள் எல்லாம் உள்ளே போயின. இனி அசலில் யாரும் கைவைக்கக்கூடாது. வேண்டியவர் நகல் எடுத்து, அதில் தன் பெயரைப் போட்டு, அதில்தான் மாற்ற வேண்டும். மாற்றி முடித்ததும் நகலை அசலுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த டிசைனில் வேலை செய்யும் எல்லோரும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். சரி என்று எல்லோரும் சொன்னபிறகு புதிய அசல் ஒன்றை எலிசம்மா மையில் வரைவார். பழையதைக் கிழிக்க மாட்டார், அதற்குப் பின்னாலேயே சேர்த்து வைப்பார். இரண்டு பேர் ஒரே இடத்தை இரண்டு விதமாக மாற்றியிருந்தால், பேசி முடிக்கும்வரை இருவரும் எழக்கூடாது. புதிய அசல் வரும்வரை முனுசாமி அட்டையில் கைவைக்கக்கூடாது.

எழுதும்போது எளிமையாக இருக்கிறது. செய்துபார்த்தபோது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பூவிதழை நகர்த்த அரைநாள் ஆயிற்று. "பெருமாள் கோயில்ல கூட இவ்ளோ நேரம் நிக்க வெக்கமாட்டாங்க" என்று வரதன் முணுமுணுத்தார். ஏகாம்பரத்தின் சிக்கல் வேறு. அவர் எங்களில் மூத்தவர், நல்ல கலைஞர், ஆனால் எலிசம்மா கையிலிருந்து தாளை வாங்க மாட்டார். "அங்க வையிம்மா" என்று மேசையைக் காட்டுவார். எலிசம்மாவும் வைப்பார். சில நாள் இப்படியே போயிற்று. ஒரு காலையில் நான் நகல் கேட்டுக் கையை நீட்டினேன். எலிசம்மா என் கையில் கொடுக்காமல் நடுமேசையில் வைத்தார்.

"இனிமே எல்லாருக்கும் மேசையிலதான் வைக்கப்போறேன். யாரு எதை எடுத்தாங்கன்னு அப்பதான் எல்லாரும் பாக்கலாம்."

மேனேஜருக்கும் அப்படித்தான் வைத்தார். ஏகாம்பரத்துக்கு மட்டும் மேசையில் வைப்பது என்பது இல்லாமல் போயிற்று.

வருடங்கள் இப்படியே ஓடின. தப்பு எதுவும் நடக்கவில்லை, ஆகவே யாரும் எதையும் கவனிக்கவில்லை. ஒரு மாலை பேருந்துக்குக் காத்திருக்கும்போது எலிசம்மா என்னிடம் சொன்னார்: "காவல் வேலைன்னா இதாம்பா சுந்தரம். ஒண்ணும் நடக்கலன்னா நீ என்னாத்துக்கு இருக்கறேன்னு கேப்பாங்க. ஏதாச்சும் நடந்துட்டா நீ என்னாத்துக்கு இருந்தேன்னு கேப்பாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பிலும் அசதி இருந்தது. வீட்டில் படுக்கையில் அம்மா, தம்பிக்கு நிலையான வேலை கிடையாது. இங்கே நாள் முழுக்க மற்றவர்களிடம் "பொறுங்க, பொறுங்க" என்று சொல்லும் வேலை. நல்லவராக இருந்துகொண்டே யாருக்கும் பிடிக்காதவராக இருப்பது மனிதர்களை உள்ளிருந்து தேய்த்துவிடுகிறது.

பெரிய சோதனை பின்னால் வந்தது. சென்னையில் ஒரு பெரிய கடைக்காரர் கோபுரக்கரைப் புடவைகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நெசவு பாதி நடக்கும்போது தொலைபேசியில் கூப்பிட்டு, கோபுரத்தின் அடியில் ஒரு யாளி வரிசை சேர்த்தால் நன்றாக இருக்கும் என்றார். மேனேஜர் அசலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்த ஓர் ஓவியரை வைத்து ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம் என்று நினைத்தார். சாவியைக் கேட்டார். எலிசம்மா தரவில்லை.

"தறியெல்லாம் பழைய அட்டையில ஓடிக்கினு இருக்குது சார். நடுவுல மாத்தணும்னா எல்லாத் தறியையும் நிறுத்திட்டு மாத்தலாம். இல்லன்னா இந்த ஆர்டர் முடியட்டும். அசலு வெளிய போகாது."

"நான் மேனேஜரா, நீ மேனேஜரா?"

"நீங்கதான் சார். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்."

மறுநாளே அவரை நூல் கிடங்குக்கு மாற்றினார்கள். சாவி ஏகாம்பரத்திடம் வந்தது. எலிசம்மா கயிற்றிலிருந்து அதை அவிழ்த்து நடுமேசையில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கும் குடும்பம் இருந்தது என்று சொல்லிக்கொண்டோம்.

அசல் வெளியே போயிற்று, யாளியோடு திரும்பி வந்தது. அதற்குள் வரதன் கேட்ட ஒரு சின்னத் திருத்தம் பழைய நகலில் நடந்திருந்தது. அட்டை தேய்ந்துபோன தறிகளுக்கு முனுசாமி புது அட்டை குத்திக் கொடுத்தார். எந்தத் தாள் கைக்கு வந்ததோ அதிலிருந்து குத்தினார். சேலைகளைக் கடையில் ஒன்றாக விரித்துப் பார்த்தபோது ஒரே ஆர்டரில் மூன்று விதமான கோபுரங்கள் நின்றன. எல்லாம் திரும்பி வந்தன. பண்டிகை நெருங்கும் சமயம். எந்தக் கோபுரம் சரி என்று தீர்மானிக்கும்வரை தறிகளை நிறுத்தச் சொன்னார்கள். நெசவாளிகள் குடும்பத்தோடு வந்து சங்கத்து வாசலில் உட்கார்ந்தார்கள். சத்தம் போடவில்லை. உட்கார்ந்திருந்தார்கள், அதுதான் பார்க்க முடியாததாக இருந்தது. மேனேஜர் பின்வாசல் வழியாக வந்துபோனார்.

ஏகாம்பரம்தான் என்னிடம் வந்து, "ஐயம்பேட்டை வரைக்கும் வரியாபா?" என்று கேட்டார். எலிசம்மா அன்று விடுப்பில் இருந்தார். இருவரும் பேருந்தில் போனோம். எலிசம்மாவின் வீடு தெருவின் கடைசியில், கூரை போட்ட சுத்தமான வீடு. எலிசம்மா எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. பெஞ்சை இழுத்துப் போட்டார். வெயிலில் நடந்து வந்திருந்தோம். ஏகாம்பரத்துக்கு நா வறண்டிருந்தது தெரிந்தது. எலிசம்மா மூலையைக் காட்டினார்.

"தண்ணி பானையில இருக்குது. டம்ளர் மேல கவுத்து வெச்சிருக்கறேன். வேணும்னா நீங்களே மொண்டு குடிங்க ஐயா. நான் குடுக்கல."

ஏகாம்பரம் கொஞ்ச நேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் மொண்டு குடித்தார். இன்னொரு டம்ளர் மொண்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். உட்கார்ந்ததும் சொன்னார்: "எனக்கு இத்த கட்டி மேய்க்க முடியலம்மா. மூணு கோபுரம் நிக்குது. எது அசலுன்னு எனக்கே தெரியல. நீ வந்துரு."

உள்ளே அம்மா இருமினார். எலிசம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வரேன். ஆனா சாவி ரெண்டா இருக்கணும். ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உங்ககிட்ட. ஒருத்தி கையிலயே எல்லாம் இருந்தா, நாளைக்கு நான் செத்தா நீங்க என்னா பண்ணுவீங்க? நான் இல்லன்னாலும் வேலை நடக்கணும். அதுக்குத்தான் இவ்ளோ பாடும்."

நிர்வாகக் குழுவிடம் ஏகாம்பரமே பேசினார். அவர் அவ்வளவு நேரம் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. எலிசம்மா திரும்பி வந்தார். சேர்த்து வைத்திருந்த பழைய தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிப் புரட்டி, கடைக்காரர் முதலில் ஒப்புக்கொண்ட கோபுரம் எது என்று எடுத்து வைத்தார். அதிலிருந்து எல்லாத் தறிகளுக்கும் புது அட்டை குத்தப்பட்டது. கடைக்காரர் ஒத்துக்கொண்டவற்றை எடுத்துக்கொண்டார், மற்றவை தள்ளுபடியில் போயின. பண்டிகை எல்லோர் வீட்டிலும் நன்றாக நடந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் வாசலில் உட்கார்ந்தவர்கள் எழுந்து தறிக்குப் போனார்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. "களைச்சுப் போச்சுபா" என்றார். "இத்தினி நாளு களைச்சா தூக்கம் வரும். இப்ப களைப்பு மட்டும் வருது, தூக்கம் வரல." என்ன பேசுவதென்று தெரியாமல், சங்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றேன். "ஒழுங்கா நடக்கலன்னாலும் இப்ப என்னால வர முடியாது சுந்தரம்" என்றார். அதில் வருத்தம் இல்லை. ஒரு சுமையை இறக்கி வைக்கும் குரல்தான் இருந்தது.

அடக்கம் முடிந்து ஐயம்பேட்டைக் கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது வரதன் என்னை நிறுத்தி ஒரு விஷயம் சொன்னார். எழுதினால் இதையும் எழுது என்றார். ஆகவே எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் வரதன் ஒரு மாங்காய்க் கரையை மாற்றி எலிசம்மாவிடம் கொண்டுபோயிருக்கிறார். மாங்காயின் உள்ளே வரவேண்டிய சின்னச்சின்னப் புள்ளிகளை எடுத்துவிட்டு வெறுமையாக விட்டிருக்கிறார். பார்த்தவுடன் யாராக இருந்தாலும் தப்பு என்று சொல்லியிருப்பார்கள். எலிசம்மா சொல்லவில்லை. தாளைப் பார்த்துவிட்டு, "இதை எதுக்காக மாத்துனீங்க வரதன்?" என்று கேட்டாராம். புது மோஸ்தர் என்று வரதன் ஏதோ சொல்லியிருக்கிறார். எலிசம்மா மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. வேறு வேலையைப் பார்க்காமல் அப்படியே எதிரில் உட்கார்ந்திருந்தாராம். வெகுநேரம் கழித்து வரதனுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் புரை விழுந்திருந்தது. புள்ளிகள் தெரியவில்லை, வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். எலிசம்மா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, அவர் சொல்லச் சொல்லப் புள்ளிகளைத் தானே வைத்தார். நகலில் வரதன் பெயர்தான் இருந்தது. கண் அறுவை முடிந்து அவர் திரும்பி வரும்வரை இப்படியே நடந்திருக்கிறது. பக்கத்து மேசையில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது ஒரு சாவி என்னிடம் இருக்கிறது. சாவியைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை, பாரமாகத்தான் இருக்கிறது. தினமும் யாராவது எதையாவது மாற்றிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு எரிச்சல் சீக்கிரம் வருகிறது. எலிசம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். யார் மாற்றியது என்று கேட்க வாய் எடுத்து, அடக்கிக்கொண்டு, எதுக்காக மாத்துனீங்க என்று கேட்கிறேன். கேட்டபிறகு எழுந்து போகாமல் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வருகிற பதில் பெரும்பாலும் உண்மையான பதிலாக இருப்பதில்லை. அடுத்ததற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.